பாதியில் நின்றுபோகும் பழைய கணினி

 

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் வீட்டுக்கு வந்தன. ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறி வைத்துக்கொண்டு படித்தார்கள். அந்த நாட்களில் பல குடும்பங்கள் கடன்பட்டும் சீட்டு எடுத்தும் பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்தன. சில வீடுகளுக்கு அலுவலகங்களில் கழித்துவிட்ட கணினிகள் அன்பளிப்பாகவும் வந்தன. வரும்போதே அவற்றுக்கு எட்டு வயது, பத்து வயது. இப்போது இன்னும் வயதாகிவிட்டது.

அந்தக் கணினிகளில் ஒரு நோயைப் பரவலாகக் காண்கிறோம். பொத்தானை அழுத்துகிறோம். உள்ளே காற்றாடி சுற்றுகிறது. திரையில் ஏதோ எழுத்து வருகிறது, அல்லது படம் வருகிறது. அத்தோடு நின்றுவிடுகிறது. அசைவு இல்லை, சத்தம் இல்லை. விசையைத் தட்டினாலும் பதில் இல்லை. பிள்ளைக்கு மறுநாள் கட்டுரை ஒப்படைக்க வேண்டும். கட்டுரையோ அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அப்போது வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், கணினி கண் விழிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். இது நமக்குக் கடினமான செய்தி அல்ல. தோட்டத்தில் வேலை தொடங்கும் முறையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்னே மணி அடிக்கிறது. பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடுகிறார்கள். கிராணியார் பேர் கூப்பிடுகிறார், ஒவ்வொருவராகக் குரல் கொடுக்கிறார்கள். பிறகு ஸ்டோரைத் திறந்து சாமான்களை எடுக்கிறார்கள். அதன்பின் அவரவர் தத்தம் நிரைக்குப் போகிறார்கள். கடைசியாகத்தான் வேலை தொடங்குகிறது.

கணினியிலும் இதே ஐந்து படிகள் உண்டு. முதல் படி, மின்சாரம் வருவது. இது மணி அடிப்பது போல. இரண்டாம் படி, பெயர் கூப்பிடுவது. தாய்ப்பலகை என்னும் பெரிய அட்டையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதில் பயாஸ் என்ற சிறிய நிரல் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். இதுதான் நம் கிராணியார். நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறதா என்று அது ஒவ்வொன்றாய்ப் பார்க்கும். மூன்றாம் படி, ஸ்டோரைத் திறப்பது. அதாவது, விண்டோஸ் என்ற பெரிய நிரல் பதிந்திருக்கும் வன்தட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது. நான்காம் படி, அந்த விண்டோஸ் தன் ஆட்களை ஒவ்வொருவராக வேலைக்கு அனுப்புவது. திரையில் விண்டோஸ் சின்னம் தெரியும் நேரம் இதுதான். ஐந்தாம் படி, நம் பெயரும் படங்களும் திரையில் வந்து வேலைக்குத் தயாராவது.

கணினி நின்றுவிட்டது என்றால், இந்த ஐந்து படிகளில் ஏதோ ஒன்றில் நின்றிருக்கிறது. எந்தப் படியில் நின்றது என்று கண்டுகொண்டால், பாதி நோய் தெரிந்த மாதிரிதான். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொல்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கும், "விண்டோஸ் சின்னம் வந்து, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறது" என்று சொல்கிறவருக்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. முதலாமவரிடம் கடைக்காரர் எதையும் சொல்லலாம். இரண்டாமவரிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஆகவே, கணினி நின்றவுடன் பதறி அணைக்காதீர்கள். ஒரு தாளை எடுத்துத் திரையில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படம் எடுத்துவிடுங்கள். அடுத்து, உண்மையிலேயே நின்றுவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா என்று பாருங்கள். இதற்கு இரண்டு எளிய சோதனைகள் உண்டு. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் என்ற விசையைத் தட்டுங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்து அணைந்தால், இயந்திரம் முற்றாக உறைந்துபோகவில்லை என்று பொருள். அடுத்து, பெட்டியின் முன்புறம் வன்தட்டுக்கென்று ஒரு சிறு விளக்கு இருக்கும். அது விட்டுவிட்டு மின்னினால், உள்ளே வேலை நடக்கிறது. பழைய கணினி பத்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். குறிப்பாக, புதுப்பிப்பு நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம் என்று திரையில் எழுதியிருந்தால், ஒரு மணி நேரம் ஆனாலும் அணைக்கக்கூடாது. பாதியில் அணைத்தால், இல்லாத நோயையும் நாமே வரவழைத்தவர்கள் ஆவோம்.

விளக்கும் மின்னவில்லை, விசைக்கும் பதில் இல்லை, அரை மணி நேரம் ஆகிவிட்டது. இப்போது அணைக்கலாம். மின் பொத்தானைப் பத்து விநாடி வரை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கணினி அணைந்துவிடும்.

அடுத்த வேலைக்குக் காசும் வேண்டாம், திருப்புளியும் வேண்டாம். கணினியோடு இணைத்திருக்கும் வேண்டாத பொருள்களையெல்லாம் கழற்றிவிடுங்கள். அச்சுப்பொறி, பென்டிரைவ், ஒலிபெருக்கி, கேமரா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, திரை, விசைப்பலகை, சுட்டி ஆகிய மூன்றை மட்டும் விட்டு வையுங்கள். பிறகு தொடங்கிப் பாருங்கள். பழுதான ஒரு பென்டிரைவ் போதும், பெரட்டையே நிறுத்திவிடும். இப்போது கணினி ஒழுங்காக விழித்துக்கொண்டால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

இங்கே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான்கு காரியங்களை ஒன்றாகச் செய்துவிட்டுக் கணினி ஓடினால், எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படியான மின்சாரத்தில் பழுது என்றால், பொதுவாகக் கணினி நிற்காது. ஒன்று தொடங்கவே தொடங்காது, அல்லது தொடங்கித் தானே அணைந்துவிடும். சில வேளைகளில் மட்டும் ஓடத் தொடங்கி உறைந்துபோகும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துக் கொடுக்கிறது. அந்தப் பெட்டிக்கு வயதாகிவிட்டால் சரியான அளவு மின்சாரம் வராமல் இயந்திரம் தடுமாறும். ஒரே நீட்டிப்புக் கம்பியில் சோற்றுப்பானை, மின்விசிறி, கணினி எல்லாவற்றையும் மாட்டியிருந்தால், கணினியை மட்டும் எடுத்துச் சுவரில் உள்ள சாக்கெட்டில் நேரே மாட்டிப் பாருங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டில் திறக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும். அதைப் பழுது பார்ப்பதைவிட வேறொன்று மாற்றுவதே நல்லது.

இரண்டாம் படிக்கு வருவோம். விண்டோஸ் சின்னம் வருமுன்னே, முதல் திரையிலேயே நிற்கிறது என்றால், பேர் கூப்பிடும்போதே யாரோ குரல் கொடுக்கவில்லை. சில கணினிகள் அப்போது பீப் பீப் என்று ஒலி எழுப்பும். எத்தனை முறை ஒலித்தது, நீண்ட ஒலியா, குறுகிய ஒலியா என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் பொருள் மாறும் என்றாலும், பழுது பார்ப்பவருக்கு அது பெரிய துப்பு.

இந்தப் படியில் அடிக்கடி குரல் கொடுக்காத ஆள் யார் தெரியுமா? ரேம் எனப்படும் நினைவகம். விரல் நீள அட்டை ஒன்று, ஓரத்தில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். நம் தோட்டங்களில் ஈரம் அதிகம், தூசியும் உண்டு. நாளடைவில் அந்தப் பற்களில் அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுப்போகும். இதைச் சரிசெய்ய ஓர் அழிப்பான் போதும். பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருக்கும் மென்மையான அழிப்பான்தான்.

செய்யும் முறையைக் கவனமாகக் கேளுங்கள். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றிய பின் மின் பொத்தானைச் சில விநாடி அழுத்தி, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கை ஈரமாக இருக்கக்கூடாது. பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்ததும், பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொடுங்கள். நம் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இரும்புக்கு இறங்கிவிடும். இல்லையென்றால் அது சில்லுகளைப் பாதிக்கக்கூடும். நினைவக அட்டையின் இரு முனைகளிலும் சிறு பிடிப்புகள் இருக்கும். அவற்றை வெளிப்பக்கம் தள்ளினால் அட்டை மேலெழும்பும். அட்டையின் ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள். பொன்னிறப் பற்களை இருபுறமும் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். அழிப்பான் தூள் கணினிக்குள் விழாதபடி தள்ளி வைத்துச் செய்யுங்கள். திரும்பப் பொருத்தும்போது, அட்டையில் உள்ள வெட்டும் துளையில் உள்ள மேடும் நேராக இருக்க வேண்டும். பிடிப்புகள் டிக் என்று தாமே மூடும்வரை இரு முனைகளையும் அழுத்துங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால், ஒன்றை மட்டும் மாட்டித் தொடங்குங்கள். பிறகு அதே துளையில் மற்றதை மாட்டிப் பாருங்கள். ஒன்றில் ஓடி மற்றதில் நின்றால், பழுதானது எது என்று தெரிந்துவிடும்.

பெட்டியைத் திறந்தபோதே மூன்று பொருள்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒன்று, காற்றாடி. தூசியும் எறும்புக் கூடும் அடைத்திருந்தால், சூடு வெளியேறாமல் கணினி நிற்கும். காலையில் முதல் தடவை நன்றாகத் தொடங்கி, சூடான பிறகு அடுத்த தடவை சீக்கிரமே நின்றால், இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். காற்றாடி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை எடுங்கள். இரண்டு, தாய்ப்பலகையில் சிறு சிறு தகரக் குவளைகள் போல நிற்கும் மின்தேக்கிகள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்திருந்தாலோ, அந்தத் தாய்ப்பலகை நோயாளி. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில் தரம் குறைந்த மின்தேக்கிகள் சேர்ந்துவிட்டதால், உலகெங்கும் இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டது. மூன்று, ஒரு வெள்ளிக்காசு போன்ற மின்கலம்.

இந்த மின்கலத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதன் மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும் நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும், பயாஸின் குறிப்புகளைக் காப்பதும் இதன் வேலை. சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். தீர்ந்துவிட்டால் கணினி ஒவ்வொரு முறையும் தன் தேதியை மறந்து, பல ஆண்டுகளுக்கு முந்திய தேதியைக் காட்டும். எந்த வன்தட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் மறந்துவிடலாம். சில கணினிகள், எஃப்1 விசையை அழுத்தினால்தான் மேலே போவேன் என்று முதல் திரையிலேயே காத்து நிற்கும். நாம் அதைக் கணினி உறைந்துவிட்டதாக எண்ணிக்கொள்வோம். சில வெள்ளிக்கு மின்கலம் வாங்கி மாற்றினால் போதும். ஆனால் மாற்றுமுன் கணினியைத் தொடங்கி, டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிப் பயாஸ் பக்கங்களுக்குள் போய், அங்குள்ள அமைப்புகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், மின்கலத்தை எடுத்ததும் அவை மாறிவிடக்கூடும். வன்தட்டு எந்த முறையில் இணைக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரு குறிப்பு அங்கே உண்டு. ஐ.டி.இ. என்றோ ஏ.எச்.சி.ஐ. என்றோ இருக்கும். முன்பு இருந்தது ஒன்று, மாற்றியபின் வந்தது வேறொன்று என்றால், விண்டோஸ் சின்னம் வரும் நேரத்தில் கணினி விழுந்துவிடும். பழையபடி மாற்றிவிட்டால் எழுந்துகொள்ளும்.

மூன்றாம் படியில் நின்றால், பெரும்பாலும் வெறும் கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அல்லது, தொடங்குவதற்குரிய தட்டைக் காணோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பென்டிரைவ் மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, வன்தட்டுக்குப் போகும் இரண்டு வடங்களையும் எடுத்து மறுபடி நன்றாக அழுத்தி மாட்டுங்கள். பிறகு தொடங்கி, காதை வைத்துக் கேளுங்கள். பழைய வன்தட்டுக்குள் ஒரு வட்டத் தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. சீரான இரைச்சல் கேட்டால் நல்லது. டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டும் ஒலி கேட்டால், உடனே அணைத்துவிடுங்கள்.

நேயர்களே, இன்றைய பேச்சில் மிகவும் முக்கியமான பகுதி இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், காலமாகிவிட்ட தாத்தாவின் படங்கள் அத்தனையும் ஒரே கணினியில் இருந்தன. ஒரு நாள் அது தொடங்கும்போது நின்றது, உள்ளே தட்டும் ஒலி கேட்டது. எப்படியாவது ஓடிவிடும் என்று பேரன்மார் ஒரு வாரமாக அணைத்து அணைத்துத் தொடங்கினார்கள். இடையில் ஒரு தடவை ஓடவும் செய்தது. அப்போது பாட்டுக் கேட்டார்களே தவிர, படங்களை எடுத்து வைக்கவில்லை. வார இறுதியில் வன்தட்டு சுற்றுவதையே நிறுத்திவிட்டது. அந்தப் பாட்டியிடம் இப்போது இருப்பது சுவரில் மாட்டிய ஒரே ஒரு படம்தான்.

ஆகவே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நோயுற்ற கணினி ஒரு தடவை விழித்துக்கொண்டால், முதல் வேலை கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைப்பதுதான். பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். சாகும் நிலையில் உள்ள வன்தட்டின் மீது சோதனை நிரல்களை ஓட்டினால், அந்த உழைப்பே அதை முடித்துவிடும். முதலில் கோப்பு, பிறகு சோதனை.

நான்காம் படி, விண்டோஸ் சின்னம் தெரியும் நேரம். இங்கே நின்றால், இரும்பில் குறை இருக்கலாம், நிரலிலும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. விண்டோஸ் 7 உள்ள கணினியில், சின்னம் வருமுன் எஃப்8 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் சேஃப் மோட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசியமான ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தொடங்கும் முறை இது. விண்டோஸ் 10 உள்ள கணினியானால், தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்ட பிறகு, தானாகவே பழுதுபார்க்கும் பக்கம் திரையில் வரும். அங்கிருந்தும் சேஃப் மோடுக்குப் போகலாம்.

விண்டோஸ் 7-இல் சேஃப் மோட் தொடங்கும்போது, திரையில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடும். அங்கேயும் நின்றுவிட்டால், கடைசியாகத் தெரிந்த பெயரைத்தான் பலரும் குற்றவாளி என்று பிடித்துக்கொள்வார்கள். பெரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். கடைசியாகக் குரல் கொடுத்தவர் வந்துவிட்டார். வராதவர் அவருக்கு அடுத்தவராக இருக்கலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அழித்துவிடாதீர்கள்.

சேஃப் மோடில் கணினி நன்றாகத் தொடங்கி, சாதாரண முறையில் மட்டும் நின்றால், மகிழ்ச்சியான செய்தி. வன்தட்டும் நினைவகமும் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன என்று பொருள். அண்மையில் சேர்த்த ஏதோ ஒரு நிரல்தான் தடுக்கிறது. உடனே கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு, கடைசியாகச் சேர்த்த விளையாட்டையோ, நச்சுத் தடுப்பு நிரலையோ, அச்சுப்பொறியின் நிரலையோ நீக்கிப் பாருங்கள். நச்சுத் தடுப்பு நிரல்கள் இரண்டு ஒரே கணினியில் இருந்தால், ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று கணினியை நிறுத்திவிடும். சேஃப் மோடிலும் நின்றால், வன்தட்டையோ நினைவகத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாம் படியில், படங்களெல்லாம் வந்த பிறகு சுட்டி நகராமல் நின்றால், பெரும்பாலும் வேலைப் பளுதான் காரணம். கணினி தொடங்கும்போதே தாமும் தொடங்கும்படி பல நிரல்கள் தங்களைப் பதிந்து வைத்திருக்கும். எம்.எஸ்.கான்ஃபிக் என்ற பகுதியைத் திறந்தால், விண்டோஸ் 7-இல் அவற்றின் பட்டியல் தெரியும். வேண்டாதவற்றின் அடையாளத்தை எடுத்துவிட்டால், கணினிக்கு மூச்சு வரும்.

விண்டோஸ் தொடங்கவே இல்லை, ஆனால் வன்தட்டு நலமாக இருக்கிறது என்றால், கோப்புகளை மீட்க இன்னொரு வழியும் உண்டு. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை வேறொரு கணினியில் பென்டிரைவில் எழுதிக்கொண்டு வந்து, அதிலிருந்தே நம் கணினியைத் தொடங்கலாம். வன்தட்டில் உள்ள எதையும் மாற்றாமல், கோப்புகளைப் பார்த்துப் பிரதி எடுக்கலாம். தோட்டத்தில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், இந்த உதவியை அவர்களிடம் கேளுங்கள்.

இவ்வளவும் தெரிந்திருப்பதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற ஒரு மாணவி, ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது கணினி நின்றுவிட்டது. பட்டணத்துக் கடை ஒன்றில் கேட்டார்கள். வன்தட்டு போய்விட்டது, மாற்ற வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று பெட்டியைத் திறந்தும் பார்க்காமல் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் அண்ணன் நிதானமான பையன். "இது நினைவகத்தின் அளவை எண்ணும்போதே நிற்கிறது. வன்தட்டுக்கு இன்னும் முறையே வரவில்லையே" என்று சொல்லிவிட்டுக் கணினியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பார்த்தார்கள். நினைவகத் துளையின் ஓரத்தில் எறும்புகள் மண் சேர்த்திருந்தன. தூரிகையும் அழிப்பானும் கொண்டு துப்புரவு செய்தார்கள். கணினி எழுந்துகொண்டது. அன்றே எல்லாக் கோப்புகளையும் பென்டிரைவில் எடுத்து வைத்தார்கள்.

எல்லாக் கடைக்காரர்களும் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகப் பழுது பார்ப்பவர்கள் பலர் உண்டு. தாய்ப்பலகை, மின்வழங்கிப் பெட்டி, தட்டும் வன்தட்டு ஆகியவற்றை அவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும். போகும்போது நீங்கள் எழுதிவைத்த தாளையும் கொண்டுபோங்கள். எங்கே நிற்கிறது, என்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். என்னைக் கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வன்தட்டையே மாற்ற வேண்டியிருந்தால், சுற்றும் தகடு இல்லாத எஸ்.எஸ்.டி. வகையைப் பற்றிக் கேளுங்கள். பழைய கணினிக்கு அது புது வேகம் கொடுக்கும்.

இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு அதன் நிறுவனம் பொதுவாக வழங்கிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது. எனவே இப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கணக்கு வேலைகளைச் செய்யாதீர்கள். கட்டுரை எழுத, கணக்குப் பார்க்க, படிக்க அது இன்னும் உதவும். லினக்ஸ் போட்டுக்கொண்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

வருமுன் காப்பது எப்படி? நம் நாட்டில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. வானம் கறுத்தால், சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையும் இணைய வடத்தையும் கழற்றிவிடுங்கள். கணினியைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், சற்று உயரமான இடத்தில் வையுங்கள். அருகில் சோறு, தீனி வேண்டாம். அவைதாம் எறும்பையும் கரப்பானையும் அழைத்து வருகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை தூசி தட்டுங்கள். வாரம் ஒருமுறை, சம்பளக் கணக்கு எழுதுவதுபோல் தவறாமல், பிள்ளைகளின் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

பெற்றோர்களே! பெட்டியைத் திறக்கும் வேலையைப் பிள்ளைகள் தனியாகச் செய்ய விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்கள் ஆங்கிலம் அறியாதவராக இருக்கலாம். ஆனால் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொல்வது உங்களுக்குப் புதிதல்ல. மோட்டார் சைக்கிள் இருமினால் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிறீர்கள். மரம் பால் குறைந்தால் ஏன் என்று ஆராய்கிறீர்கள். அதே கண்ணும் காதும்தான் கணினிக்கும் வேண்டும். பிள்ளை திரையில் உள்ளதைப் படிக்கட்டும், நீங்கள் ஒலியைக் கேளுங்கள், விளக்கைப் பாருங்கள்.

நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டாதவற்றைக் கழற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். கணினி விழித்ததும் முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள்.